“எங்கள எண்ணி என்ன செய்யப் போறீங்க?”

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் முதலில் எங்களிடம் கேட்டது நீரிழிவைப் பற்றி ஒரு பேச்சு. வைத்தியரைக் கூப்பிட்டால் நீரிழிவு, இல்லாவிட்டால் முழங்கால் வலி. வேறு எதைக் கேட்பார்கள்? இந்த மண்டபத்தில் இருப்போரின் வயதைப் பார்த்தால் அதில் தவறும் இல்லை. ஆனாலும், இரண்டு வருடங்களாகச் சனிக்கிழமை காலைகளில் நமது பாடசாலை நூலகத்தில் உயர்தர வகுப்பு மாணவிகளோடு நடந்துவரும் ஒரு வேலையைப் பற்றிப் பேச அனுமதி கேட்டோம். கிடைத்தது. நாங்கள் என்பது 1999ஆம் ஆண்டு உயர்தரம் எழுதிய தோழிகள் நால்வர். ஒருவர் வைத்தியர், ஒருவர் கணித ஆசிரியை, ஒருவர் பிரதேச செயலகத்தில் இருக்கிறார், ஒருவர் வங்கியில். இருவர் சைவம், ஒருவர் கத்தோலிக்கம், ஒருவர் முஸ்லிம். ஒலிவாங்கிக்கு முன்னால் நிற்பது ஒருவர்தான், வேலை நால்வருடையது. ஆகவே இந்த உரை முழுக்க ‘நாங்கள்’ என்றே வரும்.

வேலை இதுதான்: மட்டக்களப்பில், நம்மைச் சுற்றி எந்தெந்தச் சமயத்தவர் எத்தனை பேர் வாழ்கிறார்கள், அந்தத் தொகை காலத்தோடு எப்படி மாறியது, ஏன் மாறியது என்பதை மாணவிகள் தாங்களே தேடிப் படிப்பதற்குப் பழக்குவது.

இதைக் கேட்டதும் சிலருடைய முகம் மாறுவது இங்கிருந்தே தெரிகிறது. தொடங்கியபோதும் அப்படித்தான். “இந்த ஊரிலயா? இந்த விஷயத்தையா? பிள்ளைகளுக்கு வேற வேலை இல்லையா?” என்று நாங்கள் மிகவும் மதிக்கும் ஓர் அக்கா கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. ஆனால் எங்கள் அனுபவத்தில், சமயவாரியாக ஆட்களை எண்ணும் வேலை இந்த ஊரில் ஒருநாளும் நின்றதில்லை. சந்தையில் எண்ணுகிறார்கள், முச்சக்கர வண்டித் தரிப்பிடத்தில் எண்ணுகிறார்கள், இப்போது வட்ஸ்அப்பில் எண்ணுகிறார்கள். “இன்னும் இருபது வருஷத்தில பாருங்க, அவங்கதான் கூட” என்ற வசனத்தைக் கேட்காத வீடு எது? எல்லா வீட்டிலும் ‘அவங்க’ என்பது வேறு வேறு ஆட்கள், அவ்வளவுதான். பாடசாலை இதைத் தொடாமல் விட்டால் பிள்ளை அந்தக் கணக்கோடுதான் வளரும்.

நமது பாடசாலையில் சமய பாடம் வந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நினைவிருக்கும். மணி அடிக்கும். சைவநெறி படிப்போர் வகுப்பிலேயே இருப்பார்கள், கத்தோலிக்கப் பிள்ளைகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு பக்கம் போவார்கள், மெதடிஸ்த பிள்ளைகள் இன்னொரு பக்கம், இஸ்லாம் படிக்கும் நாலைந்து பேர் நூலகத்து மூலைக்கு. நாற்பது நிமிடம் கழித்துத் திரும்பி வருவோம். பதினொரு வருடம் இப்படிப் பிரிந்து பிரிந்து சேர்ந்தோம். தன் சமயத்தைத் தானே படிக்கும் அந்த ஏற்பாடு நல்லது. அதைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. ஆனால் பக்கத்து வாங்கில் இருப்பவள் எந்த அறைக்குப் போனாள் என்பதற்கு மேல் அவளுடைய சமூகத்தைப் பற்றி அறிய ஒரு பாடவேளையும் இருக்கவில்லை.

முதல் சனிக்கிழமை ஒரு துண்டுத் தாள் கொடுத்தோம். மட்டக்களப்பு மாவட்டத்தில் நூறு பேர் இருந்தால் அதில் இந்து எத்தனை, முஸ்லிம் எத்தனை, கிறிஸ்தவர் எத்தனை, பௌத்தர் எத்தனை என்று யாரையும் கேட்காமல் எழுதச் சொன்னோம். பெயர் எழுத வேண்டாம், சமயம் மட்டும் மூலையில் எழுதட்டும். தாள்களைச் சேர்த்தபோது முஸ்லிம்கள் நாற்பது, ஐம்பது என்று எழுதியவர்கள் பலர். முஸ்லிம் மாணவிகளும் தங்கள் தொகையைக் கூட்டித்தான் எழுதியிருந்தார்கள். கிறிஸ்தவரை மிகக் குறைத்து எழுதியவர்கள் கிறிஸ்தவப் பிள்ளைகளே.

பிறகு 2012 குடிசன மதிப்பின் அட்டவணையைத் திறந்தோம். மட்டக்களப்பு மாவட்டத்தில் மொத்தம் 5 இலட்சத்து 26 ஆயிரம் பேர். நூற்றுக்கு ஏறத்தாழ 64 பேர் இந்துக்கள், 25 பேர் முஸ்லிம்கள், 9 பேர் கிறிஸ்தவர்கள், ஒருவர் பௌத்தர். வகுப்பில் சத்தம் இல்லை. ஒரு பிள்ளை, “இது சரியான கணக்கா மிஸ்?” என்று கேட்டாள். நாங்கள் காத்திருந்தது அந்தக் கேள்விக்குத்தான். அவள் வட்ஸ்அப்பில் வந்த எந்த எண்ணையும் பார்த்து அப்படிக் கேட்டிருக்க மாட்டாள்.

சரியான கணக்கா என்று எப்படிப் பார்ப்பது? முந்திய கணக்கோடு வைத்துப் பார்க்கலாம். இலங்கையில் தீவு முழுவதற்குமான முதலாவது குடிசன மதிப்பு 1871இல் நடந்தது. பிறகு பெரும்பாலும் பத்து வருடத்துக்கு ஒன்று. 1981 மார்ச்சில் ஒன்று. 1991இல் நடக்கவே இல்லை. 2001இல் நடந்தது, ஆனால் வடக்கு கிழக்கின் பெரும்பகுதியில் முழுமையாகச் செய்ய முடியவில்லை. 2007இல் கிழக்கில் ஒரு சிறப்புக் கணக்கெடுப்பு. அடுத்த முழுமையான குடிசன மதிப்பு 2012 மார்ச்சில்தான். எங்கள் வகுப்புத் தோழிகள் பெரும்பாலும் 1980ஆம் ஆண்டுப் பிள்ளைகள். 1981இல் எங்களைக் கைக்குழந்தைகளாக எண்ணினார்கள். அடுத்து ஒழுங்காக எண்ணியபோது எங்களுக்கு முப்பது கடந்துவிட்டது. எங்கள் கையில் குழந்தைகள். இடையில் படித்தோம், இடம்பெயர்ந்தோம், சிலரை இழந்தோம், பாதிப் பேர் வெளிநாடு போனோம். அந்த முப்பத்தொரு வருடமும் இந்த மாவட்டத்தைப் பற்றி யார் எந்த எண்ணைச் சொன்னாலும் மறுத்துக் காட்ட ஒரு முழுமையான அட்டவணை இல்லை. வதந்தி அந்த வெற்றிடத்தில் நன்றாக வளர்ந்தது.

1981இன் அட்டவணையையும் 2012இன் அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். 1981இல் மாவட்டத்தில் 3 இலட்சத்து 30 ஆயிரம் பேர். அதில் இலங்கைச் சோனகர் நூற்றுக்கு 24. 2012இல் நூற்றுக்கு 25 சொச்சம். ‘ஊரே மாறிப் போச்சு’ என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்ட முப்பது வருடத்தின் மாற்றம், நூற்றுக்கு ஒன்றரை. உண்மையில் பங்கில் பாதிக்கு மேல் குறைந்தவர்கள் சிங்களவர்கள்: நூற்றுக்கு மூன்றுக்கு மேல் இருந்தது ஒன்றாகியிருந்தது. அதைப் பற்றி எங்கள் வீடுகளில் யாரும் பேசிக் கேட்டதில்லை.

அப்படியானால் ஏன் நாற்பது, ஐம்பது என்று தோன்றியது? இதற்குப் பதில் தேடியது வரைபடத்தை விரித்து வைத்திருந்த ஒரு மாணவி. “நாங்க எல்லாரும் எழுவான்கரைல இருக்கிறம் மிஸ்” என்றாள். கடற்கரையை ஒட்டிய பிரதான வீதியில்தான் நாம் போய் வருகிறோம். காத்தான்குடி சில சதுரக் கிலோமீற்றருக்குள் நெருங்கி வாழும் ஊர். கடைவீதி முழுவதும் வீதியோரம். ஏறாவூர், ஓட்டமாவடி, வாழைச்சேனையும் அதே வீதியில்தான். ஆனால் வாவிக்கு மேற்கே படுவான்கரை பரந்து கிடக்கிறது: வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளி. வயலும் குளமுமாக, வீடுகள் தூரத் தூர. அங்கே வாழ்வோர் ஏறக்குறைய எல்லோரும் இந்துக்கள். நகரத்துப் பிள்ளைகளில் பலர் அந்தப் பக்கம் கொக்கட்டிச்சோலைத் தேர் பார்க்கப் போனதோடு சரி. கண்ணில் படுவதும் எண்ணிக்கையும் ஒன்றல்ல என்பதை நாங்கள் ஒரு மணித்தியாலம் விளக்கியிருந்தாலும் இவ்வளவு தெளிவாக வந்திராது.

நூலகத்தில் எங்கள் கணித ஆசிரியைத் தோழி கரும்பலகையில் பெரிதாக எழுதி வைத்திருப்பது ஆறாம் வகுப்புப் பின்னம்தான்: மேலே தொகுதியெண், கீழே பகுதியெண். யாராவது ஓர் எண்ணைச் சொன்னால் “கீழே என்ன?” என்று கேள் என்பதே அவருடைய பாடம். வைத்தியசாலையில் இது அன்றாடம் பார்ப்பது. “பிள்ளைப்பேற்று வாட்டுல முழுக்க அவங்கட பிள்ளைகள்தான்” என்று ஒருவர் வந்து சொல்வார். ஒரு வாட்டு ஓர் ஊரல்ல. எந்தெந்தக் கிராமத்திலிருந்து அங்கே அனுப்புகிறார்கள், அந்தக் கிராமங்களில் பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் எத்தனை பேர் என்பது தெரியாமல் பிறந்த குழந்தைகளை மட்டும் எண்ணினால் வருவது பகுதியெண் இல்லாத பின்னம்.

நாட்டுக் கணக்கை எடுத்தபோது விஷயம் இன்னும் சூடாகியது. 1881இல் இந்த நாட்டில் முஸ்லிம்கள் நூற்றுக்கு 7.2. நூறு வருடம் கழித்து 1981இல் 7.6. 2012இல் 9.7. கடைசி முப்பது வருடத்தில் கூடியிருக்கிறது. இதை மறைக்க வேண்டியதில்லை என்று பிள்ளைகளுக்குச் சொன்னோம். பாதியைக் காட்டிப் பாதியை மறைக்கும் ஆசிரியரைப் பிள்ளைகள் ஒரு தவணைக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஏன் கூடியது என்று தேடச் சொன்னோம். சராசரியாக முஸ்லிம் குடும்பங்களில் பிள்ளைகள் சற்று அதிகம், அது உண்மை. எல்லாச் சமூகங்களிலும் குடும்பத்தின் அளவு குறைந்துகொண்டே வந்திருக்கிறது, முஸ்லிம்களிடமும், அதுவும் உண்மை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி நாடு முழுவதற்கும் ஒரு பெண்ணுக்குச் சராசரி 2.2 பிள்ளைகள். இளவயதினர் அதிகமாக உள்ள சமூகத்தில், ஒவ்வொரு தாயும் இரண்டே பிள்ளை பெற்றாலும், பிறப்புகள் சில காலம் கூடித்தான் இருக்கும். தாய்மார் அதிகம் அல்லவா. அதோடு, யுத்த காலத்தில் இலட்சக்கணக்கான தமிழர் நாட்டைவிட்டுப் போனார்கள். ஒரு பகுதியார் போனால் மிஞ்சியவர்களின் பங்கு ஒரு பிள்ளையும் பிறக்காமலே கூடும். கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வந்திருக்கும் தோழிகள் சிரிக்கிறார்கள். ஆம், அந்த நூற்றுவீதத்தை உயர்த்தியதில் உங்களுக்கும் பங்கு உண்டு.

இந்துக்களின் கதை வேறு. 1953இல் நூற்றுக்கு ஏறத்தாழ 20, 1981இல் 15.5, 2012இல் 12.6. பிள்ளைகளில் பலர் உடனே சொன்ன காரணம் மதமாற்றம். அட்டவணையில் கிறிஸ்தவரின் பங்கைப் பார்த்தார்கள்: 1881இல் 9.7, 1981இல் 7.6, 2012இலும் 7.6. அங்கே கூடவில்லை. பிறகு வரலாற்றுப் பாடப் புத்தகத்தைத் திறந்தோம். 1948இல் மலையகத் தமிழரின் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பது என்று முடிவாகியது. தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகத் தலைமன்னார்க் கப்பலில் ஏற்றிய அந்த மக்களில் பெரும்பாலானோர் இந்துக்கள். ஒரு நூற்றுவீதம் இறங்கினால் அதற்குள் ஒரு கப்பல் இருக்கும் என்று ஒரு மாணவி தன் கொப்பியில் எழுதியிருந்தாள். நாங்கள் சொல்லிக் கொடுத்ததல்ல. குறைந்துபோகிறோம் என்ற பயம் மேடைகளில் அதிகம் பேசப்படுவது பெரும்பான்மைச் சமயத்தின் பெயரில். பௌத்தரின் பங்கு 1881இல் 61.5, 1981இல் 69.3, 2012இல் 70.1. பயத்துக்கும் அட்டவணைக்கும் இவ்வளவு தூரம் இருக்கலாம் என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டார்கள். பிறகு தங்கள் தங்கள் சமூகத்தின் பயத்தையும் அதே கண்ணால் பார்க்கத் தொடங்கினார்கள். அது அவ்வளவு இனிமையான வேலை இல்லை.

இதெல்லாம் வெறும் கணக்கு விளையாட்டு என்று யாரும் எண்ண வேண்டாம். 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், உணவுக்குள் மலட்டு மாத்திரை போட்டுச் சிங்களவருக்குக் கொடுக்கிறார்கள் என்று ஒரு கதை கிளம்பியது. கடையை அடித்தார்கள், பள்ளிவாசலை அடித்தார்கள், வாகனங்களை எரித்தார்கள். பிறகு அரச பகுப்பாய்வாளர் அந்த உணவைச் சோதித்தார். கண்டெடுத்தது மாக்கட்டி. மருந்து எதுவும் இல்லை. வைத்தியர்களாகிய எங்களுக்கு இதைவிடக் கசப்பானது ஒன்றுண்டு: ஒருவரை நிரந்தரமாக மலடாக்க உணவில் கலந்து கொடுக்கக்கூடிய மாத்திரை என்று ஒன்று மருத்துவத்தில் இல்லவே இல்லை. இதை ஓர் இரவில் ஓர் ஊருக்குச் சொல்ல எங்களில் எவராலும் முடியவில்லை. அடுத்த வாரம் திகன.

2019 மே மாதம் குருணாகலில் ஒரு முஸ்லிம் வைத்தியர் பிரசவ அறுவைச் சிகிச்சையின்போது நாலாயிரம் தாய்மாரை இரகசியமாக மலடாக்கினார் என்று ஒரு பத்திரிகையின் முதற்பக்கத்தில் வந்தது. கைது செய்தார்கள். ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்துக்குச் சொன்னது. சத்திரசிகிச்சைக் கூடத்தில் ஒரு வைத்தியர் தனியாக நிற்பதில்லை. மயக்க மருந்து வைத்தியர் தலைமாட்டில், உதவி வைத்தியர் எதிரில், தாதியர் இருபுறமும். அத்தனை பேர் கண்ணுக்கு முன்னால் நாலாயிரம் தடவையா? உயர்தர மாணவி ஒருத்தி இந்தச் செய்தியைப் படித்ததும் கேட்ட முதல் கேள்வி, “அவர் மொத்தம் எத்தனை ஒப்பரேஷன் செய்தவர் மிஸ்?” பகுதியெண். நாடே அன்று அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் எவ்வளவோ தவிர்ந்திருக்கும்.

அட்டவணையோடு நிறுத்தினால் பாதிப் படிப்புத்தான். இரண்டாம் தவணையில் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போனோம்: கோயில் நிருவாகத்தினர், பங்குத் தந்தையர், போதகர், பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையினர் எல்லோரிடமும் முன்கூட்டியே கடிதம் கொடுத்து அனுமதி பெற்று. காத்தான்குடியில் எங்கள் தோழியின் உறவு வீடு ஒன்று. திண்ணையில் இருந்த மூத்தம்மா தேநீர் கொடுத்தார், மஸ்கற் கொடுத்தார், எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் மெதுவாகக் கேட்டார்: “எல்லாம் சரி மகள், எங்கள எண்ணி என்ன செய்யப் போறீங்க?”

பிள்ளைகள் எங்களைப் பார்த்தார்கள். இருபது வயதும் ஆகாத அவர்களுக்கு அந்தக் கேள்விக்குள் இருப்பது தெரியாது. எங்களுக்குத் தெரியும். 1990இல் எங்களுக்குப் பத்து வயது. ஓகஸ்ட் 3 இரவு அந்த ஊரின் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் நூற்றுக்கு மேல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த வாரம் ஏறாவூர். செப்டெம்பர் 9 இரவு நகரத்துக்கு அந்தப் பக்கம் சத்துருக்கொண்டானில் தமிழ்க் குடும்பங்கள், கைக்குழந்தைகளோடு. அந்த மாதங்களில் பெயரைக் கேட்டவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு பட்டியலோடுதான் வந்தார்கள். 2019 உயிர்த்த ஞாயிறு அன்று சியோன் தேவாலயத்தில் பிள்ளைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகு மீண்டும் வீடு வீடாகப் பெயர் கேட்டார்கள். எண்ணப்படுவது என்றால் என்ன என்று அந்த மூத்தம்மாவுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

அன்று அவருக்குச் சொன்ன பதிலை அப்படியே இங்கே சொல்கிறோம், ஏனென்றால் அதுவே பிறகு எங்கள் வேலையின் ஒழுங்கானது. பெயர் எழுத மாட்டோம். வீட்டிலக்கம் எழுத மாட்டோம். ஒரு கிராம உத்தியோகத்தர் பிரிவில் ஒரு சமயத்தவர் ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விடுவோம். மூன்றே பேர் என்று எழுதினால் அது யார் என்று ஊருக்கே தெரியும். எழுதியதை முதலில் உங்களிடம் கொண்டுவந்து வாசித்துக் காட்டுவோம். இவை நாங்கள் கண்டுபிடித்த ஒழுங்குகள் அல்ல. தனியாள் விபரத்தை வெளியிடக் கூடாது என்பது குடிசன மதிப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. சிறிய கட்டங்களை மறைப்பது புள்ளிவிபரத் துறையின் பழைய வழக்கம். மூத்தம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். “வாசிச்சுக் காட்டுவீங்கதானே?” என்றார். இரண்டு மாதம் கழித்துப் போய் வாசித்தோம். ஒரு திருத்தம் சொன்னார்: தன் வாப்பாவின் ஊர் காத்தான்குடி இல்லையாம், அங்கு கலியாணம் முடித்து வந்தவராம். நமது பக்கத்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான வழக்கம் அது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவது, தாய்வழிக் குடி பார்ப்பது. அதைக் கேட்டதும் சைவப் பிள்ளை ஒருத்தி, “எங்கட அப்பாவும் அப்படித்தான் வந்தவர்” என்று சொல்ல, எண்ணிக்கை அரைமணி நேரம் மறந்து போயிற்று.

சமயத்தை எண்ணுவதில் இன்னொரு சிக்கல், மக்கள் கட்டங்களுக்குள் அடங்குவதில்லை. குடிசன மதிப்பில் இனம் ஒரு கேள்வி, சமயம் வேறொரு கேள்வி. ‘முஸ்லிம்’ என்று நாம் பேச்சில் சொல்வது அங்கே ‘இலங்கைச் சோனகர்’ என்று இனத்திலும் ‘இஸ்லாம்’ என்று சமயத்திலும் வரும். மலாயர் இனத்தில் வேறு, சமயத்தில் அதே இஸ்லாம். நகரத்துப் பறங்கியர் கத்தோலிக்கக் கட்டத்தில் தமிழரோடு சேர்ந்து விடுவார்கள். வாகரைப் பக்கத்துக் கரையோர வேடரில் பலர் தமிழர், இந்துக்கள் என்றே பதியப்பட்டிருக்கிறார்கள். தங்கள் சடங்குகளுக்கு அந்தப் படிவத்தில் பெயர் இல்லை. ஒரு வீட்டில் தகப்பன் சைவம், தாய் கத்தோலிக்கம், மகள் ஒரு புதிய சபைக்குப் போகிறாள். படிவத்தில் குடும்பத் தலைவர் சொன்னது மட்டும் இருக்கும். செப்டெம்பரில் ஆயித்தியமலை மாதா கோயிலுக்கு நடந்து போகும் கூட்டத்தில் எத்தனை பேர் இந்துக்கள் என்று எந்த அட்டவணையும் சொல்லாது.

எழுதுகிறவர் யார் என்பதைப் பொறுத்தும் பதில் மாறும். ஒல்லாந்தர் காலத்தில் அரச உத்தியோகத்துக்கும் பதிவுத் திருமணத்துக்கும் அவர்களுடைய திருச்சபை ஞானஸ்நானம் வேண்டியிருந்தது. பதிவேட்டில் கிறிஸ்தவர்கள் இலட்சக்கணக்கில் இருந்தார்கள். ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் போனதும் அந்தத் தொகை உருகிப் போயிற்று. மக்கள் மாறவில்லை; கேட்பவர் மாறினார். மாணவிகள் கேள்வித்தாள் தயாரித்தபோது “உங்கள் சமயம் எது?” என்பதை அடித்துவிட்டு, “உங்கள் சமயம் என்று எதைச் சொல்ல விரும்புகிறீர்கள்?” என்று எழுதினார்கள். கடைசியில் “சொல்ல விரும்பவில்லை” என்று ஒரு கட்டம். எங்கள் வங்கித் தோழிக்கு அது பிடிக்கவில்லை. கணக்கு நிரவாது என்றார். கட்டம் இருக்கட்டும் என்று வாக்கெடுப்பில் பிள்ளைகள் வென்றார்கள்.

எண்ணிக்கை யாருக்காவது பயன்படவும் வேண்டும். செயலாளர் கேட்ட நீரிழிவை இங்கே கொஞ்சம் சேர்த்து விடுகிறோம். ரமழான் மாதத்தில் இன்சுலின் போடும் நோயாளி நோன்பு பிடித்தால் சீனி ஆபத்தாக இறங்கலாம். நோன்பு தொடங்குமுன் மருந்தின் நேரத்தையும் அளவையும் மாற்ற வேண்டும். ஒரு கிளினிக்குக்கு வருவோரில் நூற்றுக்கு எத்தனை பேர் நோன்பாளிகள் என்று தெரிந்தால்தான் இரண்டு வாரம் முன்பே அதற்கென ஒரு நாள் ஒதுக்க முடியும். கந்தசஷ்டிக்கும் இது பொருந்தும். ஆறு நாள் இளநீரோடு இருந்துவிட்டு ஏழாம் நாள் வாட்டுக்கு வரும் அம்மாமாரை நாங்கள் அறிவோம். கொவிட் காலத்தில், இறந்தவரை எரிக்கத்தான் வேண்டும் என்று 2020 ஏப்ரலில் விதி போட்டார்கள். அடக்கம் செய்வதால் தொற்றுப் பரவும் என்பதற்கு ஆதாரம் இருக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் இரண்டுக்கும் இடம் கொடுத்திருந்தது. 2021 பெப்ரவரியில்தான் விதியைத் தளர்த்தினார்கள். மார்ச் மாதம் முதல் நமது மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கம் நடந்தது. அங்கே போய்ப் பார்த்த மாணவிகள் முஸ்லிம்கள் மட்டும் என்று எண்ணிப் போனார்கள். அந்த மண்ணில் இந்துக்களும் பௌத்தரும் கிறிஸ்தவரும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிறார்கள். அந்தப் பயணத்துக்குப் பிறகு அவர்கள் எழுதிய அறிக்கையில் நூற்றுவீதம் எதுவும் இருக்கவில்லை. மதிப்பெண் குறைக்கவா என்று கணித ரீச்சரிடம் கேட்டோம். வேண்டாம் என்றார்.

வெளியூர்த் தோழிகளிடம் ஓர் உதவி. நீங்கள் வாழும் நாடுகளும் உங்களை எண்ணுகின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2001 முதல் குடிசன மதிப்பில் சமயக் கேள்வி இருக்கிறது. பதில் சொல்வது விருப்பம். அவுஸ்திரேலியாவிலும் அதற்குப் பதில் கட்டாயமில்லை. கனடா சமயத்தைப் பத்து வருடத்துக்கு ஒருமுறைதான் கேட்கிறது. பிரான்சில் குடிசன மதிப்பில் கேட்பதே இல்லை. அந்தப் படிவத்தில் நீங்கள் எந்தக் கட்டத்தில் அடையாளம் இட்டீர்கள் என்று எங்களுக்குத் தெரிய வேண்டாம். சிறுபான்மையாக இருந்துகொண்டு அந்தக் கட்டத்தைப் பார்த்தபோது மனதில் என்ன ஓடியது என்று ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள், பெயரில்லாமல். மூத்தம்மாவின் கேள்வியை இங்கே பெரும்பான்மையாக இருந்து பழகிய பிள்ளைகளுக்குப் புரிய வைக்க அந்தப் பக்கங்கள் உதவும்.

2024 இறுதியில் நடந்த கணக்கெடுப்பின் பிரதேச அட்டவணைகளை வைத்து வரும் ஜனவரியில் மூன்றாவது குழு தொடங்குகிறது. இருபது மாணவிகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். நூலகத்தில் இருப்பது ஒரேயொரு கொம்பியூட்டர். அதுவும் 2015இல் எங்களுக்கு முந்திய வகுப்பு அக்காமார் தந்தது. இன்னும் இரண்டு வேண்டும். சிங்களத்தில் வரும் அட்டவணைக் குறிப்புகளை வாசித்துச் சொல்ல ஒருவரும், படுவான்கரைக்குப் போய்வர மாதம் ஒரு சனிக்கிழமை வான் தரக்கூடிய ஒருவரும் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் தேநீர் இடைவேளையில் வாசலில் இருக்கும் கொப்பியில் எழுதிவிட்டுப் போங்கள். பெயர் எழுதலாம், இந்தக் கொப்பியில் தடையில்லை.